அம்மாவுக்கு இலக்கம் இருக்கிறது, ஆசிரியை மகளுக்கு இல்லை

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள், ஆசிரிய அங்கத்தவர்கள் கலந்துகொண்ட கூட்டத்தில் எமது ஆசிரியர் பிரிவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே, தாய்மார்களே, எங்களோடு சேர்ந்து கற்பிக்கும் தம்பி தங்கைமாரே,

சங்கக் கூட்டம் என்றால் நாட்சம்பளம், கொழுந்து நிறை, லயத்துக் கூரை, வீட்டுக் காணி என்று பேசுவதுதான் வழக்கம். இன்று ஆசிரியர் பிரிவுக்கும் கொஞ்ச நேரம் தந்திருக்கிறீர்கள். "வாத்தியார்மாருக்கு என்ன குறை? மாதம் பிறந்தால் அரசாங்கச் சம்பளம், அறுபது வயதில் பென்சன்" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நிரந்தர நியமனம் பெற்றவர்களைப் பொறுத்தவரை அந்த நினைப்பு சரி. நாங்கள் இன்று பேச வந்திருப்பது அந்த நியமனம் இல்லாமல் வகுப்பறையில் நிற்பவர்களைப் பற்றி.

அவர்கள் வேறு யாரும் இல்லை. உங்கள் பிள்ளைகள்தான். மலையில் கொழுந்து பறித்து, கடன்பட்டு, உயர்தரம் வரை படிக்க வைத்த பிள்ளைகள். அந்தப் பிள்ளை பக்கத்துப் பாடசாலையிலோ முன்பள்ளியிலோ "டீச்சர்" ஆகிவிட்டாள் என்றதும் லயத்தில் எல்லோருக்கும் பெருமை. ஆனால் ஒரு விடயத்தை எண்ணிப் பாருங்கள். செக்ரோலில் பெயர் உள்ள அம்மாவுக்கு ஊழியர் சேமலாப நிதி இலக்கம் இருக்கிறது. பெயர் போட்ட நாள் ஒவ்வொன்றுக்கும் அவர் பெயரில் ஒரு பணம் சேர்கிறது. சேலை உடுத்தி, கையில் புத்தகத்தோடு போகும் மகளுக்கு அந்த இலக்கம் இல்லை. ஐந்து வருடம், பத்து வருடம் கற்பித்தும் அவள் பெயரில் எந்த நிதியிலும் ஒரு ரூபாய் இல்லை. படித்து முன்னேறிய பிள்ளை, முதுமைக் காப்பு என்ற ஒரு விடயத்தில் அம்மாவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

இதைச் சங்கம் பேசாவிட்டால் வேறு யார் பேசுவது?

யார் இந்தத் தற்காலிக ஆசிரியர்கள்?

எங்கள் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தால் நான்கு விதமானவர்களைக் காணலாம்.

முதலாவது, தொண்டர் ஆசிரியர்கள். பாடசாலையில் கணிதத்துக்கோ விஞ்ஞானத்துக்கோ ஆள் இல்லை. அதிபர் என்ன செய்வார்? உயர்தரம் படித்த ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாளைக்கு வந்து பாரும்மா" என்கிறார். பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ, பழைய மாணவர்களோ, பெற்றோரோ சேர்ந்து ஏதோ ஒரு தொகை கொடுக்கிறார்கள். கொஞ்ச நாள் என்பது வருடக் கணக்காக நீண்டுவிடுகிறது.

இரண்டாவது, முன்பள்ளி ஆசிரியைகள். சிலருக்குப் பெற்றோர் கட்டும் மாதக் காசுதான் சம்பளம். சில இடங்களில் கோயில், தேவாலயம், தொண்டு நிறுவனம் கொடுக்கிறது. அதே தோட்டத்தில், தோட்ட நிர்வாகத்தின் சம்பளப் பட்டியலில் பெயர் உள்ள சிறுவர் அபிவிருத்தி நிலைய அலுவலருக்குச் சேமலாப நிதி உண்டு. பிள்ளைக்காம்பராவில் குழந்தையைப் பார்ப்பவருக்கு இருக்கும் உரிமை, அடுத்த கட்டிடத்தில் அதே குழந்தைக்கு எழுத்து சொல்லிக் கொடுப்பவருக்கு இல்லாமல் போவது எவ்வளவு விசித்திரம்!

மூன்றாவது, இடையில் ஒரு நிறுவனம் நின்று அனுப்பும் ஆசிரியர்கள். ஆங்கிலம், கணினி, நடனம், மாலை வகுப்பு என்று ஏதோ ஒரு திட்டத்தின் பெயரில் வருகிறார்கள். வேலை ஓரிடத்தில், கையெழுத்து வேறிடத்தில், காசு இன்னோரிடத்திலிருந்து. திட்டம் முடிந்ததும் ஆசிரியரின் வேலையும் முடிந்துவிடும்.

நான்காவது, ஆசிரியர் உதவியாளர்கள். பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு 3,021 ஆசிரியர் உதவியாளர்களைச் சேர்ப்பதாக வர்த்தமானி வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 6,000 ரூபாய் மாதக் கொடுப்பனவில் தொடங்கினார்கள். போராடிப் பேசிய பிறகு அது 10,000 ரூபாய் ஆனது. அந்தக் காசில் பஸ்ஸுக்குக் கொடுத்து, சாப்பாட்டுக்குக் கொடுத்து, கொட்டகலை ஆசிரியர் கலாசாலை போன்ற இடங்களில் பயிற்சி முடித்து, பிறகுதான் ஆசிரியர் சேவைக்குள் வந்தார்கள். முழு ஆசிரியரின் வேலையைச் செய்த அந்தக் காலம் அவர்கள் வாழ்க்கையில் உண்டு. அவர்களின் சேவைக் கணக்கில் அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் கேள்வி.

இரண்டு பாதைகள்

முதுமைக்கு இந்த நாட்டில் இரண்டு பெரிய பாதைகள் இருக்கின்றன. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஒன்று அரச ஓய்வூதியம். ஓய்வூதிய உரித்துள்ள நிரந்தர அரச பதவியில் இருப்பவர்களுக்கு அது கிடைக்கும். ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பு என்ற விதிகளின்படி அது கணிக்கப்படுகிறது. கட்டாய ஓய்வு வயது 60. பொதுவாகக் குறைந்தது 10 வருடச் சேவை வேண்டும். சேவைக் காலம் கூடினால் ஓய்வூதியமும் கூடும். ஓய்வு பெற்றவர் உயிரோடு இருக்கும் வரை மாதா மாதம் வரும். அவருக்குப் பின் விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்தின் மூலம் குடும்பத்துக்கும் ஒரு பாதுகாப்பு உண்டு.

மற்றது சேமலாப நிதி. இதில் மாதா மாதம் பென்சன் வராது. வேலை செய்த காலத்தில் சேர்ந்த பணம் வட்டியோடு மொத்தமாகக் கைக்கு வரும். தனியார் துறை, தோட்டத் துறை, அரை அரசுத் துறை எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை. அரச சேவைக்குள்ளேயே ஓய்வூதிய உரித்தில்லாத பதவிகளில் இருப்பவர்களுக்குப் பொதுச் சேவை சேமலாப நிதி என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதை ஓய்வூதியத் திணைக்களம் பார்க்கிறது.

ஆகவே ஓர் ஆசிரியர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எனக்குப் பென்சன் கிடைக்குமா?" என்பது அல்ல. "நான் எந்தப் பாதையில் நிற்கிறேன்?" என்பதுதான். எங்கள் தற்காலிக ஆசிரியர்கள் பலர் இரண்டு பாதையிலும் இல்லை. நடுவில், புல் மேட்டில் நிற்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் "நீங்கள் நிரந்தரம் இல்லை" என்கிறார்கள். இந்தப் பக்கம் வந்தால் "நீங்கள் ஊழியரே இல்லை, தொண்டர்" என்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தை உங்களுக்கு நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. மலையகத்தில் அந்தச் சட்டம் தெரியாத வீடு கிடையாது. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 8 வீதம், வேலை கொடுப்பவர் தன் பணத்திலிருந்து 12 வீதம். அதற்கு மேல் 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம். அந்த 3 வீதமும் முழுக்க வேலை கொடுப்பவருடையது. சம்பளத்தில் கை வைக்க முடியாது.

பலருக்குத் தெரியாத பகுதி இனித்தான் வருகிறது. சேமலாப நிதி நிரந்தர ஊழியருக்கு மட்டும் உரியதல்ல. தற்காலிகம், அமைய வேலை, ஒப்பந்தம், பயிற்சிக்காலம், நாட்கூலி, துண்டு வேலை என்று எந்தப் பெயரில் இருந்தாலும் சட்டத்துக்கு உட்பட்ட தொழிலில் அமர்த்தப்பட்டவருக்கு உண்டு. அதுவும் வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உண்டு. "ஆறு மாதம் போகட்டும், நிரந்தரம் ஆகட்டும், பிறகு பார்ப்போம்" என்று சொல்லச் சட்டத்தில் இடம் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாங்கள் வாத்தியார்மார், கணக்கு இல்லாமல் பேச்சை முடிக்க மாட்டோம். சம்பளத்தில் ஒவ்வொரு 10,000 ரூபாய்க்கும் ஆசிரியரிடமிருந்து 800 ரூபாய், வேலை கொடுப்பவரிடமிருந்து 1,200 ரூபாய். மொத்தம் 2,000 ரூபாய் சேமலாப நிதிக்கு. நம்பிக்கை நிதியத்துக்கு இன்னும் 300 ரூபாய். ஆக மாதம் 2,300 ரூபாய். வருடத்துக்கு 27,600 ரூபாய். பத்து வருடத்துக்கு 276,000 ரூபாய். வருடாந்த வட்டியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. இதில் ஆசிரியர் தன் சம்பளத்திலிருந்து போட்டது 96,000 ரூபாய். மீதி 180,000 ரூபாய் வேலை கொடுத்தவர் போட்டிருக்க வேண்டியது. சம்பளம் 20,000 என்றால் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்குங்கள். 30,000 என்றால் மூன்றால் பெருக்குங்கள்.

பத்து வருடம் கற்பித்துவிட்டு ஒரு பொன்னாடையோடு வீட்டுக்குப் போகும் ஆசிரியை இழப்பது இந்தப் பணத்தைத்தான். பொன்னாடை போர்த்த வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் பொன்னாடையை அடகு வைத்து அரிசி வாங்க முடியாது.

சேவைக்காலப் பணம் இன்னொன்று. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 15 பேருக்கு அல்லது அதற்கு மேற்பட்டோருக்கு வேலை கொடுக்கும் இடத்தில் 5 வருடம் பூர்த்தி செய்தவருக்கு, மாதச் சம்பளக்காரர் என்றால் ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கிடைக்க வேண்டும். பல ஆசிரியர்களை ஒன்றாக வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு இது பொருந்தும். அதனால்தான் சில இடங்களில் நாலே முக்கால் வருடத்தில் கையெழுத்தை மாற்றச் சொல்வார்கள். புதிய கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் சங்கத்திடம் காட்டுங்கள்.

சொல்லப்படும் காரணங்கள்

சேமலாப நிதி கேட்டால் என்னென்ன காரணம் சொல்வார்கள் என்பது எங்களுக்கு மனப்பாடம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"இது சம்பளம் இல்லை, கொடுப்பனவு." பெயரை மாற்றினால் விடயம் மாறிவிடாது. வேலைக்கு வரச் சொல்பவர் யார், நேரத்தைத் தீர்மானிப்பவர் யார், மேற்பார்வை செய்பவர் யார், காசு கொடுப்பவர் யார் என்பதை வைத்துத்தான் ஒருவர் ஊழியரா இல்லையா என்று பார்க்கப்படும். காலை 7.30க்கு வரவுப் பதிவேட்டில் கையெழுத்து வைத்து, நேரசூசிப்படி பாடம் எடுத்து, லீவுக்கு அனுமதி கேட்டு, மாத முடிவில் காசு வாங்குபவரைத் தொண்டர் என்று சொல்லிவிட்டால் அவர் தொண்டர் ஆகிவிட மாட்டார். தோட்டத்தில் இதே வித்தையை நாம் பார்த்தோம். தேயிலை மலையைப் பிரித்துக் கொடுத்து, "இனி நீங்கள் தொழிலாளி இல்லை, வெளியார் உற்பத்தியாளர்" என்றார்கள். பெயர் பெரிதானது. சேமலாப நிதி காணாமல் போனது. அந்தப் பாடத்தை மலையில் படித்த நாம், வகுப்பறையில் மறக்கக் கூடாது.

"நாங்கள் ஆள் அனுப்புகிறவர்கள் மட்டுமே, முதலாளி அவர்கள்." "நாங்கள் வேலை வாங்குகிறவர்கள் மட்டுமே, முதலாளி அவர்கள்." இரண்டு பக்கமும் பந்தை உதைத்து விளையாடுவார்கள். சட்டம் முதலாளி என்ற சொல்லுக்குப் பரந்த பொருள் தருகிறது. தானே அமர்த்துபவரும் அதில் வருவார். இன்னொருவரைக் கொண்டு அமர்த்திக்கொள்பவரும் வருவார். ஆகவே இடையில் நிறுவனம் இருந்தால் ஆசிரியர் இரண்டு பெயரையும் எழுதி வைத்திருக்க வேண்டும். சம்பளம் எந்தப் பெயரிலிருந்து வந்தது என்பதற்கு வங்கிப் புத்தகம் சாட்சி சொல்லும். அதனால் காசைக் கையில் வாங்காமல் வங்கியில் போடச் சொல்லுங்கள்.

"20 வீதத்தையும் உங்கள் சம்பளத்தில் பிடித்துக் கட்டிவிடுகிறோம்." இதைச் சலுகை போலச் சொல்வார்கள். இது சலுகை இல்லை, சட்டமீறல். 8 மட்டும்தான் உங்களுடையது. 12ஐயும் 3ஐயும் உங்கள் சம்பளத்தில் பிடிக்க எவருக்கும் உரிமை இல்லை.

"அந்தப் பிள்ளையே வேண்டாம் என்றாள், கையில் கூட வரட்டும் என்றாள்." 800 ரூபாய் குறையும் என்ற பயத்தில் எங்கள் தங்கைமார் சிலர் அப்படிச் சொல்வது உண்மை. வறுமை சொல்ல வைக்கிறது. ஆனால் இந்த உரிமையை ஊழியர் விட்டுக் கொடுத்தாலும் வேலை கொடுப்பவரின் கடமை நீங்காது. 800ஐக் காப்பாற்றப் போய் 1,500ஐ இழக்கிறோம் என்று அந்தத் தங்கைக்கு வீட்டில் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

"நாங்கள் தர்ம நிறுவனம், எங்களுக்கு இது இல்லை." இந்த ஓர் இடத்தில் நிதானமாகப் பேச வேண்டும். சட்டத்தில் சில விலக்குகள் இருக்கின்றன. பத்துப் பேருக்குக் குறைவான ஊழியர்களை வைத்திருக்கும் தர்ம, சமய, சமூக நல நிறுவனங்கள் அதில் அடங்கும். ஆகவே கோயில் நடத்தும் ஒற்றை முன்பள்ளியும், பல தோட்டங்களில் ஐம்பது முன்பள்ளி நடத்தும் நிறுவனமும் ஒன்றல்ல. எத்தனை பேர் என்ற எண்ணிக்கை முக்கியம். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் காசில் கற்பிப்பவர்கள் விடயத்திலும் வாய்ப் பேச்சை நம்ப வேண்டாம். தொழில் திணைக்களத்தின் அலுவலகத்தில் எழுத்தில் கேட்போம். பதிலையும் எழுத்தில் வாங்குவோம்.

விலக்குக்குள் வருகிறவர்களுக்கும் ஒரு வழி உண்டு. 1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சமூகப் பாதுகாப்புச் சபை இயங்குகிறது. ஓய்வூதியம் இல்லாத தொழிலில் இருப்பவர்கள் தாங்களே தவணை கட்டி ஓய்வூதியம் பெறும் திட்டங்களை அது நடத்துகிறது. பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். வயது குறைவாக இருக்கும்போதே சேர்ந்தால் தவணை குறைவு. ஆனால் இது வேலை கொடுப்பவரின் பங்குக்குப் பதிலாக வராது. வேறு எதுவும் இல்லாதவருக்கு ஒரு குடை, அவ்வளவுதான்.

நிரந்தரம் ஆனவர்களுக்கும் ஒரு சொல்

ஆசிரியர் சேவைக்குள் வந்துவிட்டவர்கள் "இனி எங்களுக்குக் கவலை இல்லை" என்று இருந்துவிடாதீர்கள். ஓய்வூதியத்தில் வரும் சிக்கல்கள் அறுபது வயதில் பிறப்பதில்லை. நியமனக் கடிதம் கைக்கு வரும் நாளிலேயே பிறந்துவிடுகின்றன.

கடிதத்தில் மூன்று விடயங்களைப் பாருங்கள். நியமனம் நடைமுறைக்கு வரும் திகதி எது? பதவி ஓய்வூதிய உரித்துள்ளதா? ஓய்வூதியம் பற்றி அதில் எழுதியுள்ள வாசகம் என்ன? 2016க்குப் பின் வந்த நியமனங்களில் இந்த வாசகம் பலருக்குக் குழப்பம் தந்தது. சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால் தமிழில் கேளுங்கள், அது உங்கள் உரிமை. விளங்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம். அடுத்து விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்தில் பதிவு செய்து இலக்கம் வந்துவிட்டதா என்று பாருங்கள். சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்பதோடு நின்றுவிடாதீர்கள். இலக்கம் கையில் இருக்க வேண்டும்.

பெயர்ச் சிக்கல் நம் மலையகத்துக்கே உரியது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, தோட்டப் பதிவில் மூன்றாவது பெயர். தகப்பன் பெயர் முன்னால் வந்தும் பின்னால் போயும் இருக்கும். அம்மாமார் சேமலாப நிதி எடுக்கப் போய் இதனால் எத்தனை முறை அலைந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வயது போன பிறகு சத்தியக் கடதாசி தேடி அலைவதை விட, இருபத்தைந்து வயதில் திருத்திக்கொள்வது சுலபம். ஆசிரியர்களுக்கு மட்டுமல்ல, இங்கே இருக்கும் எல்லோருக்கும் இதைச் சொல்கிறோம்.

என்ன செய்யப் போகிறோம்?

கோபப்பட்டு மட்டும் பயன் இல்லை. வேலையைப் பிரித்துக்கொள்வோம்.

ஒன்று, கணக்கெடுப்பு. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தன் பிரிவில் உள்ள தொண்டர் ஆசிரியர், முன்பள்ளி ஆசிரியை, திட்ட ஆசிரியர் எல்லோரின் பெயரையும் எடுக்க வேண்டும். ஆறு கேள்வி போதும். எப்போது வேலையில் சேர்ந்தீர்கள்? கடிதம் இருக்கிறதா? சம்பளம் கொடுப்பவர் யார்? மாதம் எவ்வளவு? அங்கே மொத்தம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? சேமலாப நிதி இலக்கம் உண்டா? மாதர் சங்கத் தலைவிகள் இந்த வேலையை எடுத்தால் விரைவாக முடியும். முன்பள்ளி ஆசிரியைகள் ஆண்களிடம் சொல்லத் தயங்குவதைக் கூட உங்களிடம் சொல்வார்கள்.

இரண்டு, இலக்கம் உண்டு என்று சொல்பவர்களின் கணக்கைச் சரிபார்ப்பது. சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவது புதிய விடயம் இல்லை. அரச தோட்டங்களில் சேமலாப நிதி நிலுவை பற்றி எத்தனை வருடமாகப் பேசுகிறோம்! ஒவ்வொரு மாதப் பணமும் அடுத்த மாத முடிவுக்குள் கட்டப்பட வேண்டும். பிந்தினால் நாள் கணக்கைப் பொறுத்து 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் விழும். கணக்குக் கூற்றைக் கேட்டு வாங்குங்கள். சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்று, முறைப்பாடு. கட்டாத இடங்களைப் பற்றித் தொழில் திணைக்களத்தின் பிரதேச அலுவலகத்தில் சங்கம் எழுத்தில் முறையிடும். நிலுவையை நீதவான் நீதிமன்றத்தின் மூலம் அறவிடவும் திணைக்களத்துக்கு அதிகாரம் இருக்கிறது. தனியாகப் போனால் வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானது. அதனால் எந்த ஆசிரியரும் தனியாகப் போக வேண்டாம். சங்கத்தின் கடிதத் தலைப்பில் போகட்டும்.

நான்கு, கோரிக்கை. ஆசிரியர் உதவியாளராகவும் தொண்டராகவும் அரச பாடசாலையில் கற்பித்த காலம், நிரந்தரமாகும்போது சேவைக் கணக்கில் சேர்க்கப்பட வேண்டும். நிரந்தரமாகும் வரையான காலத்துக்கு ஏதாவது ஒரு சேமலாப நிதியில் பங்கு கட்டப்பட வேண்டும். முன்பள்ளிகளைப் பதிவு செய்யும்போது கட்டிடம், மலசலகூடம், விளையாட்டுப் பொருள் எல்லாவற்றையும் பார்க்கும் அதிகாரிகள், ஆசிரியைக்கு நியமனக் கடிதமும் நிதி இலக்கமும் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இந்த மூன்றையும் மாகாணக் கல்வி அமைச்சுகளிடமும் எமது மக்கள் பிரதிநிதிகளிடமும் எழுத்தில் கொடுப்போம். தேர்தல் மேடையில் மட்டும் கேட்டுவிட்டு நிறுத்த மாட்டோம்.

ஐந்தாவது பெற்றோருக்கு. முன்பள்ளிக்கு மாதம் காசு கட்டுகிறவர்கள் நீங்கள்தான். சில இடங்களில் நீங்களே வேலை கொடுப்பவர்களாகவும் இருக்கிறீர்கள். தோட்டத்தில் உங்கள் 12 வீதத்துக்காகக் கொடி பிடிப்பவர்கள், உங்கள் பிள்ளைக்கு "அ" எழுதக் கை பிடித்துக் கொடுப்பவரின் உரிமையைப் பற்றிப் பெற்றோர் கூட்டத்தில் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? காசு கூடும் என்று பயப்பட வேண்டாம். முதலில் கேளுங்கள். ஊர்க் கணக்கில் எது முடியும், எதற்குத் தொண்டு நிறுவனத்தையோ தோட்ட நிர்வாகத்தையோ கேட்கலாம் என்று பிறகு சேர்ந்து பார்ப்போம். இது ஆசிரியைக்குச் செய்யும் தர்மம் என்று நினைக்காதீர்கள். நிலையான பாதுகாப்பு இல்லாத ஆசிரியை, கொழும்பில் கடையிலோ வெளிநாட்டிலோ வேலை கிடைத்த மறுநாள் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. நடு வருடத்தில் ஆசிரியர் இல்லாமல் நிற்பது நம் பிள்ளைதான். முதுமைக்கு வழி இருக்கும் தொழிலில்தான் நல்ல ஆசிரியர் நிலைத்து நிற்பார்.

கடைசியாகத் தற்காலிகமாகக் கற்பிக்கும் தம்பி தங்கைமாரிடம் சொல்கிறோம். உங்களுக்கு இப்போது இருபத்திரண்டு, இருபத்தைந்து வயது. முதுமை வெகு தூரத்தில் தெரியும். பெண்களுக்கு 50 வயதில், ஆண்களுக்கு 55 வயதில் கிடைக்கும் பணத்தைப் பற்றி இப்போது என்ன கவலை என்று தோன்றும். திருமணத்துக்காக வேலையை விடும் பெண்கள் முன்பே எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருவதால், எடுத்துச் செலவழித்துவிடலாம் என்றும் தோன்றும். உங்கள் அம்மாவிடம் ஒரு முறை கேளுங்கள். தோட்டத்தில் முப்பது வருடம் உழைத்தவருக்குக் கடைசியில் மொத்தமாகக் கைக்கு வந்த பெரிய காசு எது என்று கேளுங்கள். வீட்டுக்குக் கூரை போட்டது எந்தக் காசு, உங்களைப் படிக்க வைத்த கடனை அடைத்தது எந்தக் காசு என்று கேளுங்கள்.

நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, வரவுப் பதிவின் படம், வங்கிப் புத்தகம், அதிபர் தந்த சான்றிதழ், எது இருந்தாலும் ஓர் உறையில் போட்டு வையுங்கள். எதுவுமே இல்லை என்றாலும் வாருங்கள். கற்பித்த பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் சாட்சியாக இருக்கிறார்கள். அடுத்த மாதச் சந்தாக் கூட்டத்துக்கு ஆசிரியர் பிரிவிலிருந்து நாங்கள் படிவங்களோடு வருவோம். உங்கள் தோட்டத்தில் யாராவது ஒரு தற்காலிக ஆசிரியரைக் கையோடு அழைத்து வாருங்கள். அம்மாவுக்கு இருக்கும் இலக்கத்தை மகளுக்கும் வாங்கிக் கொடுப்போம்.